முதலில் சிப்பாய்களை மட்டும் வையுங்கள்

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெல்லாம் நின்றது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். மகிழ்ச்சிதான். ஆடுகிறவர்கள் யார்மீதும் எனக்கு வழக்கு இல்லை. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் கிளம்பி வருகிற பேச்சின்மீதுதான் வழக்கு. "அதெல்லாம் ரத்தத்தில் வரணும்", "செஸ் எல்லாருக்கும் ஏறாது, அதுக்குன்னு ஒரு மூளை வேணும்." இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினால் 'தகுதி, திறமை' என்று வருகிற அதே ஆள்தான் இங்கே கையில் செஸ் போர்டோடு வருகிறார்.

நான் படித்த பள்ளியில் செஸ் போர்டு ஆசிரியர் அறை பீரோவில் பூட்டியிருக்கும். 'நல்லா படிக்கிற' நாலைந்து பேருக்கு அது வெளியே வரும். சேரியிலிருந்து போன எங்களுக்குக் கபடி, ஓட்டம். "உங்களுக்கு உடம்பு வாகு அப்படி" என்பார் பி.டி. வாத்தியார், பாராட்டாகத்தான். தலையில் பிறந்தவர், காலில் பிறந்தவர் என்று எழுதிவைத்தவர்களைப் படிக்காத மனிதர் அவர். படிக்காமலேயே அந்தப் பாடம் அவருக்கு மனப்பாடம்.

'ரத்தம்' என்பவர்களுக்கு இந்த நாட்டுச் செஸ் வரலாறே பதில் சொல்கிறது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், ஆண்டு 1961. அவர்தான் 1972இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஆனந்துக்கு வீட்டில் அம்மா கற்றுக்கொடுத்தார். வெளியே ஆடுவதற்குத் தால் கிளப் இருந்தது. 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் திறமையை இதில் எதுவும் குறைக்கவில்லை. ஆனால் கற்றுத்தர வீட்டில் ஒரு ஆள், போய்வரும் தூரத்தில் ஒரு கிளப், வேலைக்கு அனுப்பப்படாத மாலை நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து 'ரத்தம்' என்று பெயர் வைப்பது மோசடி. ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் என்ற கல்வியியலாளர், மேதைகள் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, தன் மூன்று பெண்களுக்கும் சின்ன வயதிலிருந்தே செஸ் சொல்லிக்கொடுத்தார். இளையவர் யூதித் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி பாபி பிஷரின் வயதுச் சாதனையை முறியடித்தார். பெண்களுக்குச் செஸ் மூளை கிடையாது என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் என்ன ஆனார்கள்? வேறு காரணம் தேடப் போனார்கள்.

சரி, போர்டு பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வடிகட்டுதல் அங்கே முடிவதில்லை, கற்றுக்கொடுக்கும் முறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. முதல் நாளே 32 காய்களையும் அடுக்கி, ஆறு வகை நகர்வு, கோட்டை கட்டுதல், செக், செக்மேட் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மூட்டை. வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஆடுகிற பிள்ளை சாயங்காலம் மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளும். மற்ற பிள்ளை மறுநாள் குழம்பி நிற்கும். "இதுக்கு ஏறாது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் சாதிப்பெயர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

மாற்று ஒன்றும் ரகசியமில்லை. உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள் செய்வதுதான். முதல் நாள் சிப்பாய்களை மட்டும் வையுங்கள். ஆளுக்கு எட்டு. முதல் நகர்வில் ஒன்றோ இரண்டோ கட்டம், பிறகு ஒவ்வொன்று. நேரே நடக்கும், குறுக்கே வெட்டும். எதிர்க்கோடியை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இரண்டு நிமிடத்தில் விதி முடிந்தது. ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு இதைத்தான் ஆடுகிறேன் (பிஎச்.டி. உதவித்தொகை வராத மாதங்களில் ஞாயிறுகள் கூடுதலாகவே கிடைக்கின்றன). நாலைந்து ஆட்டம் போனதும் பிள்ளைகள் தாங்களாகவே எண்ணத் தொடங்குவார்கள்: "எனக்கு இன்னும் மூணு, அவனுக்கு நாலு, நான்தான் முதல்ல." முன்னாலும் இரு பக்கத்து வரிசைகளிலும் எதிரிச் சிப்பாய் இல்லாத சிப்பாயை எந்தச் சிப்பாயாலும் தடுக்க முடியாது என்பதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தடுக்கப் பார்த்துத் தோற்றுத் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு பக்கம் ராணி மட்டும், எதிரே எட்டுச் சிப்பாய். ராணி எல்லாவற்றையும் வெட்டித் தீர்க்க வேண்டும்; ஒரு சிப்பாயாவது மறுகோடி சேர்ந்தால் சிப்பாய்களுக்கு வெற்றி. தனியாகப் போகிற சிப்பாய் போய்ச் சேராது, ஒன்றையொன்று குறுக்கே காத்து நகர்ந்தால் ராணி திணறும். ஆடுபுலி ஆட்டம் ஆடிய ஊரில் இதை விளக்கவே வேண்டாம். மூன்று புலியைப் பதினைந்து ஆடு மடக்குகிற கணக்கைக் கல் தரையில் கரிக்கோடு போட்டு ஆடிய பாட்டிமார்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்களை யாரும் 'மூளைக்காரி' என்று சொன்னதில்லை. அது 'மூளை விளையாட்டு' ஆகாமல் பொழுதுபோக்காகவே நின்றதற்குக் காரணம், ஆடிய கைகள் நாற்று நட்ட கைகள் என்பதுதான்.

பிறகு குதிரை: போர்டில் சோடா மூடிகளை இறைத்துவைத்து, குறைந்த தாவலில் யார் எல்லாவற்றையும் பொறுக்குகிறார்கள் என்று போட்டி. பிறகு யானை, மந்திரி. ராஜா கடைசியில் வரட்டும், செக்மேட்டுக்கு அவசரமில்லை. ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிட ஆட்டம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. தண்ணீர் லாரி வந்தால் எழுந்து ஓடவேண்டிய பிள்ளையும் ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம். ஒரு சாயங்காலத்தில் மூன்று முறை தோற்று இரண்டு முறை ஜெயிக்கலாம். முழு ஆட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தோற்பது எப்போதும் அதே பிள்ளையாக இருக்கும்.

ராஜா, மந்திரி, யானைப்படை என்று மன்னர் காலத்து ஆட்டம், இது நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு 1920களில் சோவியத்தில் நிக்கோலாய் கிரிலென்கோ செஸ்ஸைத் தொழிலாளர் மன்றங்களுக்கும் படைமுகாம்களுக்கும் கொண்டுபோனார். அவருடைய மற்ற வேலைகளைப் பற்றித் தனிக்கட்டுரையே வேண்டும். ஆனால் மெட்ராஸில் தால் கிளப்புக்குச் சோவியத் மையத்தில் இடம் கிடைத்ததும் அந்த மரபின் தொடர்ச்சிதான். இன்னும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய், சிப்பாய் எட்டாவது கட்டத்தில் ராணி ஆகிறதே, அதுவே சமூக நீதி என்று மேடையில் உருகுகிறார்கள். எட்டில் ஒன்று ராணி ஆனால் மீதி ஏழும் சிப்பாய்தான், தோழர். உவமையை விட்டுவிட்டு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

செஸ் ஆடினால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று விற்பவர்களையும் நம்பவேண்டாம். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் கணக்கில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதனால் என்ன? கிரிக்கெட் ஆடுகிற பிள்ளையிடம் மதிப்பெண் கேட்கிறோமா? விளையாட்டுக்குப் பலன் காட்டச் சொல்வது நம் பிள்ளைகளிடம் மட்டும்தான் நடக்கிறது.

பாலத்துக்கு வண்ணம் அடித்த அரசு ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் போர்டு வாங்கித் தரட்டும். சிப்பாய் ஆட்டம் சொல்லித்தர ஆசிரியர் செஸ் வீரராக இருக்கவேண்டியதில்லை. 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களே அரை நாளில் கற்றுக்கொள்வார்கள். அம்பேத்கர் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எட்டுக்கு எட்டு கட்டம், இரண்டு நிறத்தில் எட்டு எட்டு மூடிகள். கோடு போடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள், 64 வருகிறதா என்று அவர்களே எண்ணிப் பார்ப்பார்கள்.