"ஐயோ பாவம்" போதும்! உபாத்தியாயருக்குப் பயிற்சி எங்கே?

நமது நாட்டில் காது கேளாத பிள்ளையையோ, கண் தெரியாத பிள்ளையையோ, புத்தி வளர்ச்சி பிந்திய பிள்ளையையோ கண்டால் "ஐயோ பாவம்" என்று சொல்லாதவரைக் காண்பது அரிது. இந்தப் "பாவம்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று இரக்கம்; மற்றொன்று முற்பிறப்பில் செய்த வினை. இவ்விரண்டும் சேர்ந்துதான் இத்தனை காலமாய் அப்பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்து வந்திருக்கின்றன என்று நாம் சொல்லுகின்றோம். வினை என்று நம்புகிறவர் வைத்தியரிடமும் உபாத்தியாயரிடமும் போகாமல் பரிகாரத்துக்குப் போகின்றார். இரக்கப்படுகிறவர் தம் வீட்டுப் பிறந்த நாளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டுவிட்டுக் கடமை தீர்ந்தது என்று போகின்றார். பிள்ளைக்கு வேண்டியதோ கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆள். அந்த ஆளை உண்டாக்குவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

"இதற்குத் தாயுள்ளமும் பொறுமையும் இருந்தால் போதும்" என்று மேடைதோறும் பேசுகின்றார்கள். வைத்தியருக்குத் தாயுள்ளம் இருந்தால் போதும் என்று எவராவது அறுவைக் கத்திக்குத் தம் பிள்ளையை ஒப்புக்கொடுப்பார்களா? ஆறு புள்ளிகளில் எழுத்தெல்லாம் அடங்கிய பிரெய்லைத் தடவிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வித்தை. சட்டைப் பொத்தான் போடுவதைப் பத்துச் சிறு செய்கைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்குவது ஒரு வித்தை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை எழுத்தைக் குழப்பினால் அது சோம்பலா, மூளை எழுத்தைப் பிடிக்கும் விதத்தில் உள்ள வேறுபாடா என்று கண்டறிவதும் வித்தைதான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அன்றைய பாடமே போயிற்று. இதைத் தெரிந்துகொள்ளப் புண்ணியம் எதுவும் வேண்டியதில்லை, பயிற்சிதான் வேண்டும்.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1992ஆம் வருஷத்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெறாதவர் இந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாம் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்றும், உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்து நியமிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றது. கேட்பதற்கு இனிக்கின்றது!

ஆனால் 2010 ஆகஸ்டு 23இல் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் வெளியிட்ட அறிவிக்கையைப் பாருங்கள். சிறப்புக் கல்வியில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் சாதாரண ஆரம்ப வகுப்புக்கு உபாத்தியாயராக நியமனம் பெற்றால், அவர் மேற்கொண்டு 6 மாதப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று அதில் விதித்தார்கள். நல்லது. ஆனால் சாதாரண உபாத்தியாயரின் வகுப்பில் காது கேளாத பிள்ளை வந்து உட்கார்ந்தால், அவர் 6 மாதம் வேண்டாம், 6 நாளாவது படித்தாக வேண்டும் என்று அதில் விதிக்கவில்லை. பிரெய்ல் தெரிந்தவருக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லித்தரத் தெரியுமா என்ற சந்தேகம் சர்க்காருக்கு வருகின்றது. வாய்பாடு தெரிந்தவருக்குப் பிரெய்ல் தெரியுமா என்ற சந்தேகம் வரவில்லை! இதற்கு என்ன பொருள்? வகுப்பு என்பது மற்றப் பிள்ளைகளுக்கே உரியது, இவர்கள் அங்கே விருந்தாளிகள் என்பதல்லாமல் வேறென்ன?

பி.எட். படிப்பில் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு பாடம் இருக்கின்றதே என்பார்கள். நீச்சலைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவர் நொய்யலில் வெள்ளம் வரும்போது குதித்துப் பார்க்கட்டும்!

நமது கோவைக்கு இந்த வித்தை புதிதல்ல. 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் பெரியநாயக்கன்பாளைய வளாகத்திலும், 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனத்திலும் சிறப்புக் கல்விப் படிப்பு நடந்து வருகின்றது. இரண்டையும் நிறுவியவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கம். மடத்தின் பெயரால் நடப்பதாயினும் செய்கின்ற வேலையை நாம் குறை சொல்லவில்லை, பாராட்டுகின்றோம். ஆனால் ஜனங்களின் வரிப்பணத்தில் சர்க்கார் செய்யவேண்டிய வேலையை மடமும் தர்ம ஸ்தாபனமும் செய்யட்டும் என்று விட்டால், உரிமையாய்க் கேட்க வேண்டியது தானமாய்ப் போய்விடும் என்றுதான் சொல்லுகின்றோம்.

இவ்வளவு சிரமப்பட்டு இரண்டு வருஷம் படித்து வந்தவருக்குக் கிடைத்தது என்ன? சர்வ சிக்ஷா, சமக்ர சிக்ஷா என்று பெயர் மாறி மாறி வந்த திட்டங்களில் அவர்களைப் பல்லாண்டுகளாய்த் தொகுப்பூதியத்திலேயே வைத்திருந்தார்கள். வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாய் அலைவது அவர் வேலை. ஒரு வகைக் குறைபாட்டுக்குப் படித்தவர் எல்லா வகைப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். அவர் வரும் நாள் போக மற்ற நாட்களெல்லாம் பிள்ளை யார் கையில் இருக்கின்றது? பயிற்சியில்லாத வகுப்பு உபாத்தியாயர் கையில்தான். ஆகவேதான் சிறப்புப் பயிற்றுநர் மட்டும் போதாது, உத்தியோகத்திலிருக்கும் ஒவ்வோர் உபாத்தியாயரும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றோம்.

இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஒருவர் என்ற கணக்கை உடனே அறிவிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021 அக்டோபர் 28இல் மத்திய சர்க்காருக்குச் சொல்லிற்று; அதன் பிறகு ஆரம்ப வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. 2025 மார்ச்சு 7இல் நீதிமன்றம் மறுபடியும் கூப்பிட்டு, எத்தனை இடங்கள் என்று மூன்று வாரத்துக்குள் அறிவியுங்கள் என்று மாகாணங்களுக்கெல்லாம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏறக்குறைய மூன்றரை வருஷம் கழித்தும் இடத்தின் எண்ணிக்கையையே கேட்டு வாங்க வேண்டியிருந்ததென்றால், சர்க்கார்களின் யோக்கியதைக்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

இனி, மார்க்கைச் சரக்காக்கி விற்கும் தனியார் பள்ளி முதலாளிகளின் சங்கதி. நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்துப் பெற்றோருக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. "எங்களிடம் பயிற்சி பெற்ற ஆளில்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்ப இது நல்ல வார்த்தையாய் அகப்பட்டுவிட்டது. முன்பு "தீட்டு" என்று வெளியே நிறுத்தினார்கள். இப்போது "வசதியில்லை" என்று நிறுத்துகின்றார்கள். வெளியே நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

உபாத்தியாயர்களுக்கு ஏற்கனவே வேலைப்பளு அதிகம் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகின்றது. உண்மையே. அதனால்தான் சம்பளத்தோடு விடுப்பும், சர்க்கார் செலவில் படிப்பும், படித்தவருக்கு ஊதிய உயர்வும் கேட்கின்றோம். மூன்று நாள் மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் காட்டிக் கையெழுத்து வாங்குவது பயிற்சி ஆகாது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, தேர்ந்தவர் கண் முன்னே கற்றுக்கொடுத்துப் பழகுவதே பயிற்சி. பயிற்றுநர்களுக்கோ, திட்டம் முடிந்தால் முடிந்துபோகிற வேலையை மாற்றி, நிரந்தர உத்தியோகமும் மற்ற உபாத்தியாயர்களுக்குச் சமமான சம்பளமும் கொடுக்க வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை எந்தப் பிறப்பிலும் எந்தக் குற்றமும் செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. யாரிடமும் தலைகுனிந்து நிற்காதீர்கள். பள்ளிக்கூடத்திற்குப் போய், "என் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கப் படித்தவர் யார்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். இரக்கத்தைக் கண்டு கும்பிடுகிறவரை தானந்தான் கிடைக்கும். உரிமையைக் கேட்கத் துணிந்தால்தான் உபாத்தியாயர் கிடைப்பார்.