வளர்ந்த பூனைக்கும் ஒரு வீடு

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் பூனைக்குட்டி கேட்டு அடம்பிடிப்பர். பெற்றோரும் குட்டியையே தேடுகின்றனர். ஐந்தாறு மாதங்களில் அது வளர்ந்து, குட்டி ஈனும் பருவம் அடைந்ததும் சந்தை ஓரத்தில் விடப்படுகிறது. எங்கள் பாகான் டாலாமில் இக்காட்சி புதிதன்று.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு வளர்ந்த பூனையே ஏற்றது என்பேன். குட்டியின் குணம் எப்படி அமையும் என்று எவரும் கூறவியலாது. ஏழெட்டு வயதுப் பூனை கீறுமா, மடியில் அமருமா என்பதை நேரில் பார்த்தே ஓரளவு அறியலாம். தீவுப் பகுதியில், ஜெலுத்தோங்கிலுள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்திற்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

"விரைவில் இறந்துவிடுமே" என்பர். வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு. செலவு உண்டு, மறுக்கவில்லை. வயதான பூனைக்குப் பல்லும் சிறுநீரகமும் தொல்லை தரும். மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். நோயிலிருந்து காப்பது வளர்ப்பவரின் கடமை என்றே நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது.

முதல் சில நாள்கள் ஒரே அறையில் வையுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் பிள்ளைகள் இழுக்க வேண்டாம். பசித்தால் தானே வெளியே வரும்.