விலை சோற்றுக்கா, நாற்காலிக்கா?

கொழும்புக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் எங்கள் தெருவில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, பதினஞ்சு பேரு உக்காந்து சாப்பிடணும். கையைக் கடிக்காம ஒரு ஓட்டல் சொல்லுங்க." சித்தி கொட்டாஞ்சேனையில் வாக்கப்பட்டிருப்பதால் எனக்குக் கிடைத்த பதவி இது. ஓட்டல் பெயர் சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விருந்து மத்தியானமா, ராத்திரியா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் போட்டுப் போட்டே தலை நரைத்தவன் நான். சரக்கின் விலை ஒன்று, அது யார்டில் கிடக்கிற நாட்களுக்கு டெமரேஜ் தனி என்பது எங்களுக்குப் பாலபாடம். வெளியூர் விருந்தும் அப்படித்தான். தட்டில் விழுகிற மீனுக்கு ஆகும் காசு கொஞ்சம்தான். ஒரு கூட்டமே மேசையைப் பிடித்துக்கொண்டு, பழங்கதை பேசி, பாட்டியைப் பாடச் சொல்லி, போட்டோ எடுத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறதே, அதற்குத்தான் பணம். அதையும் ராத்திரி எட்டு மணிக்கு, கடல் தெரிகிற ஜன்னலோரம் வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு காலத்தில் எங்கள் ஊர்க்காரனுக்குக் கொழும்பு போவது பெரிய செலவே இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். போட்டிக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. கடைசியில் அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்து அனுப்பிய கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். 2011 ஜூனில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் வந்தபோது பழைய காலம் திரும்பிவிட்டது என்று நினைத்தோம். அந்த நவம்பரோடு அதுவும் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து போகிற கப்பல் காங்கேசன்துறையில் இறக்கிவிடும்; அங்கிருந்து கொழும்புக்கு இன்னும் நானூறு கிலோமீட்டர். ஆக எங்களுக்கு மதுரை விமானம்தான் கதி. பதினைந்து டிக்கெட் எடுத்த பிறகு பையில் என்ன மிஞ்சுகிறதோ, அதில்தான் விருந்து.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைந்ததை அங்கே கொண்டாடினோம். கொழும்பிலிருக்கும் உறவுகளில் பாதிப் பேருக்கு இங்கே வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடற்கரையோரம் ஒரு பெரிய ஓட்டலில் விலை அட்டையை வாங்கிப் பார்த்தேன். நம்முடைய ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வருகிறது என்பதால் முதலில் எல்லாமே மலிவாகத் தெரியும். அட்டையின் அடியில் எறும்பு போல இரண்டு கூட்டல் குறிகள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். இன்னொன்று வாட் வரி. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். ஆயிரம் ரூபாய் என்று அச்சடித்த மீன் வறுவல், பில்லில் ஆயிரத்து முந்நூறை ஒட்டி வந்து நிற்கும்.

இங்கே சாதாரண ஓட்டலில் 5 சதவீத ஜிஎஸ்டி கொடுத்துவிட்டு வெளியே வருகிறோம். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சரி என்றது. அதே நினைப்பில் வெளிநாட்டில் போய் உட்கார்ந்தால் தலை சுற்றும். சிங்கப்பூரிலும் இந்தக் கூட்டல் குறிகள் உண்டு: 10 சதவீதம் சேவைக்கு, 9 சதவீதம் ஜிஎஸ்டிக்கு. அங்கே தப்பிக்க வழி, லிட்டில் இந்தியா தேக்கா சென்டர் மாதிரியான ஹாக்கர் சென்டர்கள். நாற்காலி எல்லாருக்கும் பொது, அதனால் சோற்றுக்கு மட்டும் காசு. ஐரோப்பாவில் பெரும்பாலும் அட்டையில் இருப்பதே கொடுக்க வேண்டிய விலை. அதுதான் யோக்கியமான வழி என்பேன். கடைசித் தொகையை மறைக்கிற அட்டையை விலைப்பட்டியல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் மத்தியானச் சோறு விற்கிற ஒரு சாதாரணக் கடைக்குச் சித்தி மகன் முந்தின நாளே போய்ப் பேசினான். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். "ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கோ, ஒஃபிஸ் ஆக்கள் போயிடுவினம். நாலு மணி மட்டும் இருங்கோ, ஒருத்தரும் எழுப்பமாட்டினம்." சித்திக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "அத்தானை இப்பிடியொரு கடையிலயா உக்கார வைக்கிறது?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

மாடியில் மூன்று மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டிருந்தார்கள். கீரிச் சம்பாச் சோறு, பாரை மீன் குழம்பு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம். சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்க வரும். மீன் மட்டும் துண்டுக் கணக்கு. அப்பா மீனைப் புட்டு, முள்ளோரம் மோந்து பார்த்து, "இன்னைக்குப் பிடிச்சதுதான்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே நாங்கள் கை வைத்தோம். கேக்குக்குப் பதில் ஊரிலிருந்து கொண்டுபோன மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, அவ்வளவுதான். முனை உடையுமே தவிரக் கெடாது. வெளியிலிருந்து கேக் கொண்டுபோனால் அதை வெட்டவே தனிக்காசு கேட்கிற ஓட்டல்களும் உலகத்தில் உண்டு.

கடல் வேண்டுமென்றவர்களைச் சாயங்காலம் காலிமுகத்திடலுக்கு அழைத்துப் போனோம். இறால் வடைக்கு மட்டும் காசு, காற்று இலவசம். மொத்தச் செலவு, அந்தப் பெரிய ஓட்டலில் நாலு பேர் சாப்பிடுகிற தொகையைத் தாண்டவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ செல்லும் என்றாலும் இந்த மாதிரிக் கடைகளுக்கு ரொக்கம் கையில் இருப்பது நல்லது. இன்னொன்று, தேதி குறிக்குமுன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி அங்கே போயா நாள், மதுக்கடை திறக்காது. என் மாமா ஒருவர் இதை விமானத்தில் ஏறிய பிறகு தெரிந்துகொண்டு கொழும்பு வரும்வரை யாரோடும் பேசவில்லை.

இப்போது என் முறை. சித்திக்கு எழுபது வயது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு எல்லாரும் இங்கே வருகிறார்கள். இரண்டரை மணிக்கு மேல் தூத்துக்குடியில் எத்தனையோ ஏசி அறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. வரியோடு இவ்வளவு, இத்தனை மணிவரை உட்காரலாம் என்று ஒரு போர்டு வைத்தால் உள்ளூர்க்காரர்களும் வருவார்கள், கடல் தாண்டி வருகிறவர்களும் வருவார்கள். சில முதலாளிகளிடம் பேசிப் பார்த்தேன். ஒருவர் அறை தருகிறேன் என்று தலையாட்டியிருக்கிறார். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "வாங்க அண்ணாச்சி, பாத்துக்கலாம்" என்கிறார்.