கம்ப்யூட்டர் தபாலுக்கும் கேட் பாஸ் வேண்டும்!

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது வல்லம் வடகால். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் இங்கே தயாராகிறது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று கட்டிய மாபெரும் விடுதி 2024 ஆகஸ்டில் இங்கேதான் திறக்கப்பட்டது.

இங்குள்ள எந்தத் தொழிற்சாலையின் வாசலில் நின்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். உள்ளே போகும் லாரியைக் காவலாளி சோதிக்கிறார். வெளியே வரும் லாரியை அதைவிடக் கண்டிப்பாகச் சோதிக்கிறார். கேட் பாஸ் இல்லாமல் ஒரு நட்டு, போல்ட் கூட வெளியேற முடியாது. ஆனால் அதே ஆலையின் கம்ப்யூட்டர்களிலிருந்து விநாடிதோறும் ஆயிரக்கணக்கான தகவல் பொட்டலங்கள் வெளியே ஓடுகின்றன. "நீ இந்த ஆலையிலிருந்து கிளம்பியவன்தானா?" என்று அவற்றைக் கேட்கப் பல இடங்களில் நாதியில்லை.

கேட்காவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்? விஷயத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் புரியும்.

முனுசாமியின் குறும்பு

இன்டர்நெட்டில் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் பெறுநர் விலாசம், அனுப்புநர் விலாசம் என்று இரண்டு உண்டு. ஐ.பி. விலாசம் என்பது இதுதான். வழியில் உள்ள ரூட்டர்கள், நமது தபாலாபீசைப் போலவே, பெறுநர் விலாசத்தைப் பார்த்துத்தான் அனுப்பி வைக்கின்றன. கடிதத்தின் பின்புறம் "அனுப்புநர்: கந்தசாமி" என்று முனுசாமி எழுதிப் போட்டால் தபால்காரருக்கு என்ன கவலை? 1981-ம் ஆண்டு இந்த விதிமுறை வகுக்கப்பட்டபோது, இணைப்பில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் ராணுவ அலுவலகங்களும்தான். ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்களுக்குச் சந்தேகம் தேவைப்படவில்லை.

இப்போது முனுசாமி ஆயிரம் கம்பெனிகளுக்குக் கார்டு எழுதுகிறான். "உங்கள் விலைப்பட்டியல் அனைத்தையும் உடனே அனுப்பவும். இப்படிக்கு, கந்தசாமி." மறுவாரம் கந்தசாமி வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாகப் பட்டியல்கள் குவிகின்றன. அவருக்கு வரவேண்டிய மணியார்டர் அந்தக் குவியலில் அமுங்கிப் போகிறது. பட்டியல் அனுப்பிய கம்பெனிகள் மேல் குற்றமில்லை. முனுசாமிக்கோ கார்டுச் செலவு மட்டும்தான்.

2013 மார்ச்சில் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பை இப்படித்தான் தாக்கினார்கள். விநாடிக்குச் சுமார் 300 ஜிகாபிட் வெள்ளம்! 2018 பிப்ரவரியில் கிட்ஹப் மீது பாய்ந்தது 1.35 டெராபிட். அதற்குப் பயன்பட்ட "மெம்கேஷ்டு" என்னும் சேவை, ஒரு சிறு கேள்விக்கு 50,000 மடங்கு பெரிய பதிலைத் தரக்கூடியது. கார்டுக்கு ஒரு லாரி நிறையப் பதில்!

வாயை அடைத்த திருடன்

இன்னொரு வகை மேலும் சாமர்த்தியமானது. 1994 கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் ட்சுடோமு ஷிமோமுரா என்ற நிபுணரின் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்தான். ஒரு குறிப்பிட்ட விலாசத்திலிருந்து கட்டளை வந்தால் பாஸ்வேர்டு கேட்காமலே பணியும்படி அந்தக் கம்ப்யூட்டர் வைக்கப்பட்டிருந்தது. நம்பிக்கைக்குரிய அந்த மற்றொரு கம்ப்யூட்டரை முதலில் பொய் அழைப்புகளால் திணறடித்தான். அது வாய் திறக்க முடியாமல் கிடக்க, அதன் பெயரில் இவன் பேசினான். பதில் இவனுக்கு வராது. உண்மை விலாசத்துக்குத்தான் போகும். ஆனால் பதிலில் இருக்கும் வரிசை எண்ணை ஊகித்து வைத்திருந்தான்! இது சாத்தியம் என்று ராபர்ட் மோரிஸ் 1985-லேயே எழுதினார். 1989-ல் ஸ்டீவன் பெல்லோவின் மறுபடி எச்சரித்தார். யார் காதில் வாங்கினார்கள்? இந்த வழக்கில் தேடப்பட்ட கெவின் மிட்னிக் 1995 பிப்ரவரியில் பிடிபட்டார். வரிசை எண்ணை எளிதில் ஊகிக்க முடியாதபடி பிற்பாடு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் விலாசத்தை நம்பி வேலை செய்யும் புத்தி போகவில்லை. ஆலை யந்திரங்களுடன் பேசும் "மோட்பஸ்" முறை 1979-ல் பிறந்தது. "நீ யார்?" என்று கேட்கும் வழக்கம் அதற்கு ஆதியில் கிடையாது. ஆகவே யந்திரங்களின் இணைப்பும் ஆபீஸ் இணைப்பும் தனித்தனியே இருக்கவேண்டும். கட்டளையிடுபவரின் விலாசத்தைப் பார்த்து அல்ல, ரகசியச் சாவியைப் பார்த்தே அனுமதி தரவேண்டும்.

2017 மே மாதம் "வான்னகிரை" நச்சு நிரல் உலகைக் கலக்கியபோது ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அது பொய் விலாச வேலையல்ல, வேறு ரகம். ஆயினும் எங்கோ கிளம்பும் விஷமம் நம்மூர் உற்பத்தி வரிசை வரை வந்து சேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வரிசை நின்றால், ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியில்தானே முதலில் கை வைப்பார்கள்?

யார் செய்வது?

பரிகாரம் புதிதல்ல. பால் பெர்குசனும் டேனியல் செனியும் எழுதிய 38-ம் எண் நடைமுறைக் குறிப்பு 2000 மே மாதமே வெளிவந்தது. தன் வாசலைக் கடக்கும் பொட்டலம் தன் வீட்டு விலாசத்தைத் தாங்காவிட்டால் அதை அங்கேயே தள்ளிவிடு என்பதே அதன் சாரம். அதேபோல், உள்வீட்டு விலாசத்தைச் சூட்டிக்கொண்டு வெளியிலிருந்து வரும் பொட்டலத்தையும் நுழைய விடாதே.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? காவல் போடுகிறவன் இவன், பிழைப்பவன் வேறொருவன். வல்லம் வடகாலில் ஒரு ஆலை தன் வாசலை அடைத்தால் பலன் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருப்பவருக்கு! லாப நஷ்டக் கணக்கில் இதற்கு இடமில்லை. எனவே இதை அவரவர் நல்ல மனதுக்கு விட்டுவிடுவது பிசகு என்பது நம் அபிப்பிராயம். இணைப்புத் தரும் கம்பெனிகள் மீது சர்க்கார் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022-ல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் பதிவேட்டில் இருப்பதே பொய் விலாசமானால், 180 நாள் எதைப் பாதுகாப்பது? கந்தசாமியின் பெயரைத்தானே?

இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கிய பெரிய ஆலைகளில் கண்டிப்பான சோதனை நியாயமான பொட்டலத்தையும் தள்ளிவிடும் என்று என்ஜினீயர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஒரு வழியாகப் போனது மறு வழியாகத் திரும்பும். அத்தகைய இடத்துக்கேற்ற தளர்ந்த முறைகளை 2004-லேயே வகுத்துவிட்டார்கள். ஒரே இணைப்பு உள்ள சிறு பட்டறைக்கோ இந்தச் சாக்கும் கிடையாது. இணைப்புத் தரும் கம்பெனியே தன் பக்கத்தில் தடுத்துவிடலாம். பட்டறைக்காரருக்குப் புது யந்திரச் செலவு இல்லை.

அடுத்த முறை இணைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மானேஜர்கள் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "எங்கள் லைனிலிருந்து பிறர் விலாசத்தோடு பொட்டலம் கிளம்பினால் நீங்கள் நிறுத்துவீர்களா?" பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளட்டும்.