தெரிந்தும் தடுக்க முடியாதவள்

காலத்தைக் கடந்து செல்லும் கதை என்றதும் நம்மில் பலருக்கு ஓர் இயந்திரமே நினைவுக்கு வருகிறது. நாயகன் அதில் ஏறுகிறான், பழங்காலத்தில் இறங்கிப் போரை நிறுத்துகிறான், வெற்றியோடு திரும்புகிறான். படிக்கச் சுவைதான். ஆனால் வரலாறு அங்கே வெறும் விளையாட்டுத் திடலாகி விடுகிறது என்பதே எங்கள் எண்ணம்.

ஆங்கில எழுத்தாளர் அலிசன் அட்லி 1939இல் வெளியிட்ட ‘எ டிராவலர் இன் டைம்’ அப்படிப்பட்டதன்று. லண்டனிலிருந்து டெர்பிஷயரிலுள்ள உறவினரின் பண்ணை வீட்டுக்கு வருகிறாள் சிறுமி பெனலோபி. ஒரு கதவைத் திறந்ததும் 16ஆம் நூற்றாண்டு! இயந்திரம் ஏதுமில்லை. சமையற்கட்டு வேலையும் மூலிகை மணமுமாக அக்காலம் அவளை ஏற்றுக்கொள்கிறது. வீட்டுக்குரிய ஆண்டனி பாபிங்டனோ, எலிசபெத் அரசி சிறை வைத்திருக்கும் ஸ்காட்லாந்து அரசி மேரியை மீட்கத் துடிக்கிறார்.

பாபிங்டன் கொல்லப்பட்டது 1586இல். மேரி அரசியின் தலை வெட்டப்பட்டது 1587இல். நாம் இவ்வாண்டுகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும், அவ்வளவே. மேரியின் முடிவை அறிந்த பெனலோபியோ, அவரை மீட்டுவிடலாம் என்று நம்பும் மனிதரோடு உண்டு, பேசிச் சிரிக்க வேண்டியிருக்கிறது! அவளால் எதையும் தடுக்க இயலவில்லை.

முடிவு தெரிந்த கதையில் விறுவிறுப்பு ஏது என்று தோழியர் கேட்பதுண்டு. நூறு பக்கம் படித்துவிட்டு மீண்டும் கேட்கட்டும்! ஆங்கிலம் சற்றுக் கடினமே. டெர்பிஷயர் நாட்டுப்புறப் பேச்சும் இடையிடையே குறுக்கிடும். ஒன்பதாம் வகுப்பினர் அகராதியோடு அமரலாம். சிறியவர்களுக்கு அம்மாவோ அக்காவோ இரவில் ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிவரலாமே.