நின்றே தேயும் கால்கள்

ஓடும் தறியின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறார் மில் தொழிலாளி. சேற்றில் நின்று நாற்று நடுகிறார் விவசாயக் கூலிப் பெண். சில வருஷங்களில் கெண்டைக்காலில் நீல நிறமாக ஏதோ புடைத்துச் சுருண்டு நெளிகிறது. மாலையில் கால் கனக்கிறது, வீங்குகிறது. “நரம்பு சுருட்டிக்கொண்டது, தலைவிதி” என்கிறார்கள். தலைவிதியா இது?

சுருண்டது நரம்பல்ல, இரத்தக் குழாய். காலுக்கு இறங்கிய இரத்தம் இருதயத்துக்கு மேலேறிப் போகவேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதை அமுக்கி மேலே தள்ளுகிறது. குழாய்க்குள் இருக்கும் சிறு கதவுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் தசைக்கு வேலையில்லை; இரத்தம் தேங்குகிறது; கதவுகள் பழுதாகின்றன. பரம்பரையும் பிள்ளைப்பேறும் கூடக் காரணமாகலாம். ஆனால் மணிக்கணக்கில் நிற்பது நோயை முற்றச் செய்கிறது. முற்றினால் கணுக்காலருகே தோல் கறுத்து, ஆறாத புண் வருகிறது.

“ஆபரேஷன் செய்துகொள்” என்கிறார்கள். தேவைப்பட்டவர்கள் பயப்படாமல் செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அதன் தொல்லைகளைத் தெரிந்துகொண்டு செய்துகொள்ள வேண்டும். குழாயை உருவி எடுக்கும்போது பக்கத்து நரம்பில் அடிபட்டு உள்கால் மரத்துப் போகலாம். காயத்தில் சீழ் பிடிக்கலாம். ஆழத்திலுள்ள குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அபூர்வமாக அக்கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கலாம். லேசர் சிகிச்சையிலும் இந்த ஆபத்து அடியோடு இல்லையென்று சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டி மார்பு வலித்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்றும் உண்டு: நோய் திரும்பியும் வரலாம். “மெல்ல நடங்கள், நெடுநேரம் நிற்காதீர்கள்” என்கிறார் டாக்டர். ஆனால் தையல் ஆறியதும் தொழிலாளி எங்கே போகிறார்? அதே தறிக்கு! கத்தி குழாயை அகற்றியது. நோயை வளர்த்த வேலைமுறையை யார் அகற்றுவது?

நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தரவேண்டுமென்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆவது பிரிவே சொல்லிற்று. கடைச் சிப்பந்திகளுக்கு உட்காரும் உரிமையைத் தமிழக சட்டமன்றம் 2021இல் சட்டமாக்கியது. ஏட்டில் இருக்கிறது ஆசனம். எத்தனை மில்களில் தறியருகே இருக்கிறது? பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நின்று நின்று முற்றிய இந்த நோய்க்கு அதில் இடமில்லை. இ.எஸ்.ஐ. உள்ளவருக்காவது வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். வயலில் உழைப்பவருக்கு அதுவும் இல்லை. படுத்தால் பட்டினிதான்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: வேலையிடத்தில் ஆசனம், நடுநடுவே ஓய்வு, ஆபரேஷன் ஆனவருக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் மாற்று வேலையும், விவசாயத் தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை.

தோழர்களே, கால் வலியை வீட்டில் தைலம் தடவி மறைக்காதீர்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். ஒருவர் வலி தலைவிதியாகத் தோன்றும். நூறு பேர் வலி கோரிக்கையாக மாறும்!