முகவரியும் எழுத்துதான்

சிற்றிதழ்க்காரர்களிடையே நெடுநாளாக ஒரு கூற்று உலவிவருகிறது: 'நம் உறையின் அளவு கணினிக்குத் தெரியாது.' இதைச் சொல்லிவிட்டு, முகவரிகளை ஏ4 தாளில் வரிசையாக அச்சிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, பசை தடவி ஒட்டுகிறார்கள். வெட்டும் அவசரத்தில் கடைசி வரி போய்விடுகிறது. கடைசி வரியில் இருப்பதோ 1972 முதல் வழக்கிலுள்ள ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண். இதழ் வரவில்லை என்று சந்தாதாரர் எழுதினால் பழி அஞ்சல்துறையின் தலையில் விழுகிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை.

அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. சொற்செயலிகள் பலவும் அமெரிக்க 'லெட்டர்' தாளை மனத்திற்கொண்டு பிறந்தவை. அதன் உயரம் 279.4 மி.மீ.; நம் ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. அவை தரும் லேபிள் பட்டியலில் நம் கடைத்தெருவில் கிடைக்கும் ஒட்டுத்தாள் இல்லாதிருப்பதில் வியப்பில்லை. ஆனால் பட்டியலோடு கதவு அடைபட்டுவிடவில்லை. வேர்டாயினும் லிப்ரே ஆபீஸாயினும், நாமே அளவு கொடுத்துப் புதிய லேபிளை உருவாக்க வழி வைத்திருக்கிறது. அது கேட்பவை சில எண்களே: சீட்டின் அகலம், உயரம், தாளின் மேல் ஓரம், இடது ஓரம், வரிசைகள், நிரல்கள், ஒரு சீட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த சீட்டின் தொடக்கம் வரையுள்ள தூரம். பள்ளிப்பிள்ளையின் அளவுகோல் ஒன்று போதும்.

3 நிரல், 8 வரிசை என 24 சீட்டுகள் கொண்ட ஏ4 ஒட்டுத்தாளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சீட்டும் 70 × 37 மி.மீ. செங்குத்துத் தூரத்தை 37க்குப் பதில் 36 என்று கொடுத்தால் முதல் வரிசையில் பிழை தெரியாது. எட்டாம் வரிசையில் முகவரி 7 மி.மீ. மேலேறி அயல்வீட்டில் குடிபுகுந்திருக்கும். 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவு இன்னும் கொடியது. அச்சளவு 100 விழுக்காடாகவே இருத்தல் வேண்டும். முதலில் வெற்றுத்தாளில் அச்சிட்டு, ஒட்டுத்தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் விரயமில்லை.

உறைக்கும் இதே நியாயம்தான். கடைக்காரர் வெட்டித்தரும் உறையை அளந்து, அகலமும் உயரமும் தந்தால் சொற்செயலி ஏற்றுக்கொள்ளும். அச்சுப்பொறிக்கும் அதே அளவையும், உறை நுழையும் திசையையும் சொல்லியாக வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். தடித்த உறையாயின் லேபிளே உகந்தது.

'கையால் எழுதும் முகவரியில் அன்பு இருக்கிறது' என்பார்கள். பத்துப் படிகளுக்கு இருக்கலாம். முந்நூறு படிகளுக்கு அது ஆசிரியரின் மாலைப்பொழுதுகளைத் தின்கிறது; அவர் எழுதாமற்போன தலையங்கத்தையும் சேர்த்தே தின்கிறது. ஒருமுறை பட்டியலிட்டு வைத்த முகவரிகளை 'மெயில் மெர்ஜ்' வழியாக ஒவ்வோர் இதழுக்கும் மீண்டும் அச்சிடலாம். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கிடக்கும் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால், எழுத்துரு இல்லாத கணினியில் வாசகரின் பெயர் அலங்கோலமாவதும் நிற்கும்.

வெண்பாவில் தளை தட்டினால் துடித்துப்போகிற நாம், ஒரு மில்லிமீட்டர் தட்டுவதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குகிறோம். இதழின் அச்சுப்பிழைக்கு வருந்துகிறவர், இதழையே வாசகரிடம் சேரவிடாத பிழைக்கு ஏன் வருந்துவதில்லை? வாசகர் முதலில் படிப்பது தம் பெயரைத்தான். அந்த வரியையாவது நாம் ஒழுங்காகப் பதிப்பிப்போம்.